“நீ எந்த ஊர்?” என்னும் கேள்வி



சென்ற நவராத்திரிக்குச் சில நாள் முன்னர், களியக்காவிளை எல்லையில் கூட்டத்தோடு கூட்டமாக யானும் நின்றிருந்தேன். பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் தெய்வத் திருமேனிகளின் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. தேவாரக்கட்டுச் சரசுவதி யானைமீது வர, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வந்தனர். இப்பால் தமிழ்நாட்டுக் காவலர் மரியாதை செய்து வழியனுப்ப, அப்பால் கேரளக் காவலர் மரியாதை செய்து எதிர்கொண்டனர். 1956 நவம்பர் 1 இல் நாடு இரண்டாய்ப் பிரிந்த பின்னும் இவ்வழக்கம் அற்றுப் போகவில்லை. விக்கிரக வழிபாட்டில் நமக்குப் பற்றில்லை என்பது நீங்கள் அறிந்ததே. எனினும் கல்விக்கென ஒரு தெய்வத்தைக் கற்பித்து, அத்தெய்வத்தை யாதொரு கேள்வியுமின்றி இரு நாட்டாரும் கைகூப்பி எல்லை கடத்துவது கண்ணுக்கு இனிய காட்சியே.

கூட்டம் கலைந்தபின் பாறசாலைப் பக்கமாக நடந்து ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தேன். கட்டட வேலைக்கு வந்த ஒடிசா நாட்டு இளைஞர் இருவர் அங்கே நின்று தேநீர் கேட்டனர். ஊர்வலத்தில் என் பக்கத்தில் நின்று கண்ணீர் மல்கக் கும்பிட்ட பெரியவர் ஒருவர் அவர்களை நோக்கி, “நீ எந்த ஊர்? ஆதார் அட்டையை எடு” என்றார். அவர் காவலரும் அல்லர், கடைக்காரரும் அல்லர். தேநீர் குடிக்க வந்தவர். இளைஞர் இருவரும் அட்டையை எடுத்துக் காட்டினர். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி இன்றி அவரால் எழுத்தைப் படிக்க இயலாது என்பது எனக்குத் தெரியும்.

கலையும் பண்பாடும் வளர்ந்தால் இனப்பகையும் மொழிப்பகையும் அயலான்மீது கொள்ளும் வெறுப்பும் தாமே தேய்ந்து மறையும் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். யானும் பல பிரசங்கங்களில் அவ்வாறே முழங்கியவன். அன்று அக்கடையில் அமர்ந்திருக்கையில் அக்கூற்று மெய்தானா என்னும் ஐயம் என்னைப் பற்றிக்கொண்டது. அது பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களில் காக்காரிசி நாடகம் என்றொரு கூத்து உண்டென்பதை இப்பக்கத்தார் அறிவர், பிறர்க்காகச் சொல்கிறேன். தீப்பந்தம் ஏந்திக் காக்கான் ஆடிக்கொண்டு அரங்கில் நுழைவான். கைரேகை பார்த்து ஊர் ஊராகத் திரியும் காக்காலக் குடியினன் அவன். அவனைத் தம்புரான் மறித்து, நீ யார், எங்கிருந்து வந்தாய், எவ்வழி வந்தாய், இங்கு உனக்கு என்ன வேலை என்று கேட்பார். நேராகக் கேட்டதற்குக் கோணலாகவும் கோணலாகக் கேட்டதற்கு நேராகவும் காக்கான் விடை பகர்வான். ஊரே வயிறு குலுங்கச் சிரிக்கும். பாட்டுகளில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறதென்று எல்லைக்கல் நடுவது எந்தச் சர்க்காராலும் ஆகாது. காக்கானும் காக்காத்தியும் உருமாறி வந்த சிவனும் பார்வதியுமே என்று கதையும் சொல்வர்.

அயலானைப் பற்றி இதனினும் சிறந்த கூத்து வேண்டுமோ? கேள்வி கேட்கும் அதிகாரத்தையே நகைப்புக்கு இடமாக்கி, கேட்கப்படுபவனைத் தெய்வமாக்கிய கூத்து இது. ஆயினும் என் சிறு வயதில் யான் கண்ணாரக் கண்டதைச் சொல்கிறேன். விடிய விடியக் கூத்து நடந்த மறுநாட் காலையில், கைரேகை பார்க்க வந்த உண்மையான காக்காத்தி ஒருத்தியை ஒரு வீட்டுக்காரர் நாயை ஏவி விரட்டினார். முன்னிரவில் எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் அவரே. காக்காலர் இன்றும் கேரளத்தில் அட்டவணைச் சாதிகளுள் வைத்து எண்ணப்படுகின்றனர். அவர் பெயரால் நடக்கும் கூத்தோ பண்பாட்டுச் செல்வம் எனப் பாராட்டப்படுகிறது. பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களில் நெய்த கசவு வேட்டியை உடுத்திக்கொண்டு, சாலியரின் முன்னோர் பேசிய தமிழை இகழ்வோரும் இத்தகையோரே.

இவ்வட்டாரத்தின் வரலாறும் இதற்குச் சான்று. தமிழர் வாழும் தென்திருவிதாங்கூர்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. 1954 ஆகஸ்டு 11 இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. பின்னர்த் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் இப்பால் வந்தன. நெய்யாற்றின்கரை அப்பால் நின்றது. அண்ணன் ஒரு மாநிலத்தானும் தம்பி வேறொரு மாநிலத்தானும் ஆனார்கள். அவர்கள் நம்மைப் பாண்டி என்பார்கள். மலையாளத்தான் மை வைத்து மயக்குவான் என்று நாம் சொல்வோம். அவர்கள் வெள்ளம் என்பது குடிக்கும் நீரை. நமக்கோ வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. பகவான் அரணவிபங்க சூத்திரத்தில், ஒரே பாத்திரத்தை நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயரால் வழங்குவதை எடுத்துக்காட்டி, என் நாட்டுச் சொல்லே மெய், ஏனையவை பொய் என்று பற்றிக்கொண்டு பூசலிடாதீர் என்று உரைத்தார். தாகத்தால் நா வறண்டவன் வெள்ளம் என்று கேட்டால் என்ன, தண்ணீர் என்று கேட்டால் என்ன? ஆனால் இரு பாலும் வில்லுப்பாட்டு ஒன்றுதான். மரச்சீனியும் மீனும் ஒன்றுதான். ஒரே கலையும் ஒரே உணவும் இருந்தும் ஏச்சுப் பெயர்கள் நீங்கவில்லையே!

என் சொந்த வாழ்விலும் இதைக் கண்டேன். நூற்பாலை ஒன்றில் இருபத்துமூன்று ஆண்டு உழைத்தேன். இரவு வேலையில் எந்திர இரைச்சலுக்கு மேலே குரலெடுத்துத் தமிழ்ப் பாட்டுப் பாடுவேன். மலையாளத் தோழர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். “பாண்டி, ஒரு பாட்டு!” என்று கேட்பார்கள். பாடி முடித்தால் கை தட்டுவார்கள். மறுநாளும் “பாண்டி, ஒரு பாட்டு!” என்பார்கள். இருபது ஆண்டில் என் பாட்டின்மீது அவர்கள் கொண்ட அன்பு பெருகிற்று. எனக்கு அவர்கள் இட்ட பெயர் மட்டும் மாறவில்லை. ஒரே ஒருவர் விதிவிலக்கு. அடுத்த ரிங் பிரேமில் நின்று அறுந்த நூலைச் சேர்ப்பவர். பாட்டைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாமல் தாமும் உடன் பாட விரும்பினார். இரண்டாம் அடிக்குப் பொருள் என்ன, இந்த ழகரத்தை எப்படி மடக்குவது என்று உணவு இடைவேளையில் கேட்பார். பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் அ, ஆ எழுதிக் காட்டினேன். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியது எந்த நாளில் என்று எனக்கு நினைவில்லை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. பின்னர் அவ்வாலைக்கு வடநாட்டுப் பிள்ளைகள் வந்தபோது, அசாமியன், ஒடியன், பீகாரி என்னும் வேறுபாடின்றி எல்லாரையும் “வங்காளி” என்று அழைத்தவன் யான். குறைந்த கூலிக்கு வந்து நம் சோற்றைப் பறிக்கிறார்கள் என்று தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசியவனும் யானே. கூலியைக் குறைத்தவரைப் பற்றி அன்று ஒரு சொல்லும் என் வாயில் வரவில்லை.

இனி நம் நூல்கள் கூறுவதை நோக்குவோம். தாலபுடன் என்னும் கூத்தர் தலைவன் பகவானிடம் வந்து, மெய்யும் பொய்யும் கலந்து மக்களைச் சிரிக்கவைத்து மகிழ்விக்கும் கூத்தன் சிரிக்கும் தேவருலகை அடைவான் என்று எம் முன்னோர் கூறுவர், தாங்கள் என்ன கூறுகிறீர்கள் என்று கேட்டான். கேளாதே என்று பகவான் இருமுறை தடுத்தார். மூன்றாம் முறை கேட்டபோது, மக்களிடம் வேட்கையும் வெறுப்பும் மயக்கமும் முன்னரே உள்ளன, அவற்றைப் பெருக்கும் பொருள்களையே நீ அரங்கில் வைக்கிறாய், அதன் பயன் நரகமே என்று விடையிறுத்தார். தாலபுடன் அழுதான், பின்னர்த் துறவு பூண்டு அருகதர் நிலை எய்தினான்.

கூத்தைப் பகவான் வெறுத்தார் என்று இதற்குப் பொருள் கூறுவோர் உளர். யான் உடன்படேன். பஞ்சசிகன் யாழ் மீட்டிப் பாடியபோது நரம்பும் குரலும் இசைந்தனவென்று பாராட்டியவரும் அவரே. தாலபுடனுக்குச் சொன்ன விடையை யான் இவ்வாறு கொள்கிறேன்: அரங்கு புதிதாக ஒன்றையும் படைப்பதில்லை, வந்தவன் மடியில் கொண்டுவந்ததைப் பெருக்கித் தருகிறது. வெறுப்போடு வந்தவனுக்கு வெறுப்பே வட்டியோடு கிட்டும். 2011 இல் முல்லைப்பெரியாறு அணை பற்றிய அச்சம் இரு மாநிலத்திலும் மூண்டிருந்த வேளையில், அணை உடைவதை வைத்து எடுக்கப்பட்ட ‘டாம் 999’ என்னும் படம் வந்தது. தமிழ்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. அடுத்த மாதம் இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் கூலிகள் அடிக்கு அஞ்சி மலையிறங்கினர். இங்கே மலையாளிகளின் கடைகள் நொறுக்கப்பட்டன. ஒரு படத்தால் இவையெல்லாம் நிகழ்ந்தன என்று சொல்ல மாட்டேன். உலர்ந்து கிடந்த சருகில் அதுவும் ஒரு பொறி. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படக்காட்சிகள் பரவியபோதும் அவ்வாறே ஆயிற்று. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த அடிதடிகளை ஒட்டவைத்துக் கதை கட்டினார்கள். அதுவும் ஒரு வகைக் கலைதானே! அஞ்சிய தொழிலாளர் மூட்டை கட்டிக்கொண்டு புகைவண்டி நிலையத்துக்கு ஓடினர்.

சிரிப்பிலும் இரு வகை உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், 1949 இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் கதையைக் காலட்சேபமாகச் செய்தார். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்கினான். அங்கே சிரிப்புக்கு ஆளாவது அப்பிள்ளை அன்று, அவனை விரட்டியவர்களே. காக்காரிசியிலும் அப்படித்தானே என்பீர்கள். ஆம், ஆனால் காக்காரிசியின் தம்புரான் எக்காலத்தவனோ, எவனோ. பார்ப்பவர் ஒருவரும் தம்மைத் தம்புரானாகக் கருதுவதில்லை. எல்லாரும் தம்மைக் காக்கானாகவே எண்ணிச் சிரிக்கிறார்கள். கிந்தனாரின் வாத்தியாரோ அன்று ஊர்தோறும் இருந்தார்.

நெய்யாற்றங்கரையில் அருவிப்புரம் என்னும் இடத்தில் ஸ்ரீ நாராயண குரு 1888 இல் சிவப்பிரதிட்டை செய்து, சாதி வேற்றுமையும் மதப்பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தாராய் வாழும் இடமாக அது விளங்க வேண்டுமென்று அறிவித்தார். அங்கே அவரிடம் இருந்து பயின்றவருள் குமாரன் ஆசானும் ஒருவர். 1922 இல் ஆசான் ‘சண்டாள பிட்சுகி’ என்னும் காவியம் செய்தார். ஆனந்த தேரர் கிணற்றடியில் நீர் கேட்க, தீண்டத்தகாதவள் எனப்பட்ட மாதங்கி தர அஞ்சும் கதை நம்மவர்க்குப் புதிதன்று. அதில் யான் மீண்டும் மீண்டும் நினைப்பது ஒன்றை. ஆனந்தர் அவளுக்கு எதையும் கொடுக்க வரவில்லை, உபதேசிக்கவும் வரவில்லை. அவருக்குத் தாகம். அவளிடம் இருந்த ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. ஆலையில் என்னைப் பெயர் சொல்லி அழைத்த அந்த ஒருவரை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன். கேட்டு மகிழ்ந்தவர்களுக்குப் பாட்டு போதும், யான் வேண்டியதில்லை. உடன் பாட வந்தவருக்கு யான் வேண்டியிருந்தது.

கலையால் ஆவது ஒன்றுமில்லை என்று சொல்வேனா? அதுவும் பிழை. வெங்ஙானூர் அய்யன்காளியும் அவர் தோழர்களும் வயல் வேலை முடிந்த மாலைகளில் கூடிப் பாடியும் ஆடியும் வந்தனர் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுகின்றனர். அத்தகைய கூட்டமே தெருவில் நடக்கும் உரிமைக்கு எழுந்த கூட்டமாயிற்று. 1893 இல் அவர் வில்வண்டி பூட்டிப் பொதுச் சாலையில் சென்றார். பின்னர் ஊருட்டம்பலத்துப் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் கொண்டுபோய் அமர்த்தியபோது, மேற்சாதியார் அப்பள்ளியையே தீயிட்டுக் கொளுத்தினர். அக்காலத்தும் இவ்வட்டாரத்தில் வில்லுப்பாட்டும் கூத்தும் குறைவின்றி நடந்தே வந்தன. கொளுத்தியவர் அவற்றைக் கேளாதவரா? ஒரு குழந்தை ஒரு பெஞ்சியில் அமர்வதைத் தாங்க இயலாத நெஞ்சுக்கு எத்தனைப் பாட்டும் போதவில்லை. 2022 இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

நிற்க. இவ்வளவும் எழுதியபின், எங்கள் ஊரில் நடந்த சிறு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

சென்ற ஆண்டு வைகாசிப் பௌர்ணமிக்கு மணிமேகலையில் வரும் சாதுவன் கதையைக் காக்காரிசி நாடக முறையில் ஆடுவதென்று முடிவு செய்தோம். மரக்கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்குகிறான் சாதுவன். மனித ஊன் தின்னும் நாகர் அவனைத் தின்ன வருகின்றனர். அவனோ அவர்கள் மொழியை அறிந்தவன், அம்மொழியில் பேசுகிறான். கொல்ல வந்தவர் விலகி நின்று வணங்கித் தம் குருமகனிடம் அழைத்துச் செல்கின்றனர். கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லற்க என்னும் அறம் அங்கே ஏற்கப்படுகிறது. (சாத்தனாரும் அந்நாகரை நாற்றமும் அருவருப்பும் பொருந்தியவராகவே வருணித்திருக்கிறார். நம் பெரும்புலவரும் அயலானைப் பார்த்த கண் அத்தகையதே.)

நாகர் தலைவன் வேடத்துக்கு, பக்கத்தில் குடியிருந்த ஒடிசாத் தம்பி ஒருவரை அழைத்தோம். அவர் தம் மொழியில் பேசினால் நாகர் மொழி போல ஒருவருக்கும் விளங்காது, சிறப்பாக இருக்கும் என்பது எங்கள் யோசனை. கலையால் நல்லிணக்கம் வளர்க்கிறோம் என்னும் பெருமிதமும் எங்களுக்கு இருந்தது. கதையை அவருக்கு விளக்கினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, அரைகுறை மலையாளத்தில், “சேட்டா, மனிதனைத் தின்கிறவன் நான்தானா?” என்று கேட்டார்.

எங்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கஞ்சி காய்ச்ச வந்திருந்த மூதாட்டிதான் அடுப்படியிலிருந்து, “மக்களே, வந்தவன் அவன்தானே? இருக்கியவங்க நாமதானே?” என்றார்.

வேடங்களை மாற்றினோம். அத்தம்பி சாதுவன் ஆனார். யான் நாகர் தலைவன். அப்போது வேறொரு சிக்கல் வந்தது. காவியத்தில் வந்தவன் இருந்தவர் மொழியை அறிந்திருந்தான். இங்கும் அவ்வாறே, மூன்றாண்டில் அத்தம்பி எங்கள் இரு மொழியும் கலந்து பேசக் கற்றிருந்தார். எங்களுள் ஒருவரும் அவர் மொழியில் ஒரு சொல்லும் அறியோம். தலைவன் கடைசியில் சாதுவனை வரவேற்கும் பேச்சையேனும் ஒடியாவில் பேச வேண்டுமென்று யான் பிடிவாதம் பிடித்தேன். மூன்று வாரம் மாலைதோறும் அவர் அறைக்குச் சென்றேன். ஆறு பேர் படுக்கும் அறை அது. ஐம்பத்தேழு வயதில் என் நாக்கு வளைய மறுத்தது. அவரும் அறைத் தோழர்களும் என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தனர். அதற்குமுன் அவர்கள் சிரித்து யான் கண்டதில்லை.

ஆட்ட நாளில் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து கூட்டம் வந்தது. மரச்சீனிக் கம்புகளை வெள்ளையடித்து எலும்பாகக் கையில் பிடித்துக்கொண்டு நாகர் நால்வர் சாதுவனைச் சூழ்ந்தனர். “நீ எந்த ஊர்? அட்டையை எடு!” என்று அவர்கள் கேட்டபோது கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாதுவன் சட்டைப்பையிலிருந்து தம் சொந்த ஆதார் அட்டையையே எடுத்து நீட்டினார். அது எங்கள் ஒத்திகையில் இல்லாதது. சிரிப்பு நடுவிலே நின்றது. தேநீர்க் கடைப் பெரியவர் மூன்றாம் வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்க்க விரும்பினேன்; விளக்கு என் கண்ணில் அடித்தமையால் பார்க்க முடியவில்லை. நம் சங்கத்து முதியவர் ஒருவர் இப்படி ஊராரை அவமதிக்கலாகாது என்று சினந்து பாதியில் எழுந்து போனார்; இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அதற்குப்பின் அத்தேநீர்க் கடையில் அக்கேள்வி கேட்கப்படுவதில்லை என்று எழுத ஆசைதான். கேட்கப்படுகிறது. கேட்பவர் சிலர் யான் இருந்தால் கேட்பதில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் அத்தம்பி பெரும்பாவூருக்குப் பிளைவுட் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். என்னிடம் இப்போது பதினொரு ஒடியாச் சொற்கள் உள்ளன. அவர் முதலில் கற்பித்தது ‘பாணி’. தண்ணீர் என்று பொருள். நம் பழைய அகராதியிலும் பாணி என்னும் சொல்லுக்கு நீர் என்றும் பாட்டு என்றும் பொருள் உண்டு என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்தார். மறுநாள் அகராதியைக் கையில் எடுத்துச் சென்று அப்பக்கத்தைத் திறந்து காட்டினேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆயினும் யான் விரல் வைத்த இடத்தைத் தாமும் விரலால் தொட்டு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.